மூன்றாம் வகுப்பும் பெற்றோரின் பங்கும்

(கல்வியியல் மாணவர்கள், தொடக்கக் கல்வித் துறை அலுவலர்கள் ஆகியோரிடையே நிகழ்த்தப்பட்ட உரை)

பள்ளிக் கல்வி என்றதும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்புமே நம் நாட்டில் பெரிதும் பேசப்படுகின்றன. பொதுத் தேர்வு, மதிப்பெண், மேற்படிப்பு ஆகியவையே பெற்றோரின் கவலைகளாகவும் உள்ளன. ஆயினும், மேல் வகுப்பில் ஒரு மாணவன் தடுமாறுவதற்கான காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், அத்தேடல் பல வேளைகளில் அவனது எட்டாவது வயதில், மூன்றாம் வகுப்பில் போய் நிற்கக் காணலாம். முதல் இரண்டு வகுப்புகளில் குழந்தை வாசிக்கப் பழகுகிறது. மூன்றாம் வகுப்பு முதல், வாசித்தே பிற பாடங்களை அறிந்துகொள்ள வேண்டியதாகிறது. கணக்குப் பாடத்தில்கூட வினாவை வாசித்துப் பொருள் கொண்ட பின்னரே விடை காண முடியும். எனவே அவ்வகுப்பில் வாசிப்பில் பின்தங்கும் குழந்தை ஒரு பாடத்தில் மட்டுமன்றி எல்லாப் பாடங்களிலும் பின்தங்குகிறது.

2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிக் கல்வியை நான்கு நிலைகளாகப் பகுத்துள்ளது. முன்பருவக் கல்வியின் மூன்று ஆண்டுகளும் முதல் இரண்டு வகுப்புகளும் அடித்தள நிலையில் அடங்கும். மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் ஆயத்த நிலையாகும். ஆக, ஒரு நிலை முடிந்து மறுநிலை தொடங்கும் இடத்தில் மூன்றாம் வகுப்பு அமைந்திருக்கிறது. 2021 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட ‘நிபுண் பாரத்’ இயக்கம், 2026–27ஆம் ஆண்டுக்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளைக் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டது.

அரசும் ஆசிரியரும் ஆற்ற வேண்டிய பணி குறித்து நிறையப் பேசப்பட்டிருக்கிறது. குழந்தை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி கழிவது வீட்டில். அந்த வீடு என்ன செய்யலாம், குறிப்பாகப் பள்ளி வாசலையே மிதித்திராத பெற்றோர் என்ன செய்யலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

மூன்றாம் வகுப்பில் கற்பவை

மொழிப் பாடத்தில், முன்பு கண்டிராத ஒரு சிறு பகுதியைத் தடையின்றி வாசித்து, அதன் கருத்தைத் தன் சொற்களில் சொல்லக் குழந்தை பழக வேண்டும். நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிப்பது நிபுண் பாரத் இயக்கம் வகுத்த அளவு. ஆயினும் மொழிக்கு மொழி சொல்லின் நீளம் வேறுபடும். தமிழ், மலையாளம் போன்ற மொழிகளில் வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து ஒரே சொல் நீண்டுவிடுகிறது. இந்தியில் மூன்று சொற்களாக எழுதப்படுவது தமிழில் ஒரு சொல்லாக அமைவதுண்டு. 2022இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளில் 86,000 மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை ஒவ்வொருவராக அமர்த்தி நடத்தப்பட்ட அடித்தளக் கற்றல் ஆய்வு, 20 மொழிகளுக்குத் தனித்தனியே அளவுகோல்களை வகுக்க முற்பட்டதற்கு இதுவே காரணம்.

இந்திய மொழிகளின் எழுத்து முறை பற்றியும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளின் வடிவை அறிந்தால் போதும், ஆனால் அவற்றின் ஒலி இடத்துக்கு இடம் மாறும். நம் எழுத்துகளில் மெய்யும் உயிரும் கூடி நூற்றுக்கணக்கான வடிவங்கள் பிறக்கின்றன. தமிழில் மட்டும் 247 எழுத்துகள். இவற்றை முழுவதும் பழகக் காலம் பிடிக்கும். பழகிய பின்னரோ எழுத்துக் கூட்டி எச்சொல்லையும் உரக்கச் சொல்லிவிட முடியும். இதில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் உள்ளன. பொருள் சிறிதும் விளங்காமலே ஒரு குழந்தை பக்கம் முழுவதையும் பிழையின்றி ஒலித்துவிடக்கூடும். கேட்பவர் அதைப் படிப்பு என்று எண்ணி மனநிறைவு கொள்வர்.

கணிதத்தில் நான்கு இலக்க எண்கள் வரை வாசித்தல், எழுதுதல், எளிய பெருக்கல் கணக்குகளுக்கு விடை காணல் ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. இவற்றோடு சமமாகப் பங்கிடுதல் என்ற பொருளில் வகுத்தல், அரை, கால் முதலிய பின்னங்கள், நீளம், எடை, கொள்ளளவு, கடிகாரம், நாட்காட்டி, பணம் ஆகியவையும் அறிமுகமாகின்றன. இவை அனைத்துக்கும் அடித்தளம் இடமதிப்பு. 42 என்பதில் உள்ள 4 நான்கு அல்ல, நாற்பது என்பதை உணராத குழந்தைக்கு மேற்கொண்டு வரும் கணக்குகள் யாவும் வெறும் சடங்காகிவிடும்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பாடத்திட்டத்தில், சுற்றுப்புறத்தை அறிதல் தனிப் பாடமாகத் தொடங்குவதும் இவ்வகுப்பில்தான். குடும்பம், உணவு, நீர், வீடு, செடிகொடி, விலங்கு, தொழில், பயணம் ஆகியவை அதன் பொருள்கள். பின்னாளில் அறிவியலாகவும் சமூகவியலாகவும் பிரியும் துறைகளுக்கு இதுவே நாற்றங்கால்.

இன்றைய நிலை

2024 டிசம்பர் 4 அன்று ‘பரக்’ அமைப்பு நடத்திய தேசிய மதிப்பாய்வு 781 மாவட்டங்களில் 74,229 பள்ளிகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்தது. மூன்று, ஆறு, ஒன்பது ஆகிய வகுப்புகளுக்கு அது நடைபெற்றது. மூன்றாம் வகுப்பில் 99 வரையிலான எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அமைக்க வல்லோர் 55 விழுக்காட்டினர். ஈரிலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் வல்லோர் 58 விழுக்காட்டினர்.

ஊரகக் குடும்பங்களை நாடிச் சென்று 2005 முதல் நடத்தப்பட்டுவரும் ‘ஏசர்’ கணக்கெடுப்பு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு சிறு பகுதியை வாசிக்க வல்ல மூன்றாம் வகுப்பு மாணவர், அரசுப் பள்ளிகளில் 2018இல் 20.9 விழுக்காடாக இருந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்த பின், 2022இல் அது 16.3 விழுக்காடாகச் சரிந்தது. 2024இல் 23.4 விழுக்காடாக உயர்ந்து முந்தைய நிலையைத் தாண்டியது. இழந்ததை மீட்க முடியும் என்பதற்கு இவ்வுயர்வு சான்று. எனினும் நான்கு குழந்தைகளில் ஒருவர்கூட முழுமையாகத் தேறவில்லை என்பதும் அதே எண்ணிக்கையின் பொருளாகும்.

குறை மறைந்துகிடப்பது ஏன்?

இவ்வளவு பெரிய குறை பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, தொடக்க வகுப்புகளில் எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் செய்த இந்த ஏற்பாடு நியாயமானதே. 2019இல் வந்த திருத்தமும் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளைப் பற்றியது மட்டுமே. எட்டு வயதுக் குழந்தையைத் தோற்றவன் என்று முத்திரையிடுவதால் அது கற்றுவிடப் போவதில்லை. ஆனால் அடுத்த வகுப்புக்குச் சென்றுவிட்டதையே கற்றுவிட்டதற்கு அடையாளமாகப் பெற்றோர் கொள்கின்றனர். இரண்டாவது, மேலே கூறியபடி, உரக்க ஒலிப்பது படிப்பெனத் தோன்றிவிடுகிறது. மூன்றாவது, குழந்தை எங்கே நிற்கிறது என்பதைப் பெற்றோருக்குப் புரியும் சொற்களில் பள்ளி எடுத்துரைப்பதில்லை. ‘பி’ தரம் என்றோ 64 மதிப்பெண் என்றோ எழுதிய அட்டையில் கைந்நாட்டு வைக்கும் தாய்க்கு அதிலிருந்து தெரியவருவது யாதொன்றும் இல்லை.

வீட்டில் வாசிப்பு

பெற்றோர் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது கேட்பது. நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தை உரக்க வாசிக்க, வீட்டில் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்து, இதில் யார் வருகிறார், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்ற மூன்று வினாக்களைக் கேட்கலாம். முதல் இரண்டுக்கும் விடை வந்து மூன்றாவதற்கு வரவில்லையெனில் அப்பகுதியை மறுபடி வாசிக்கச் செய்யலாம். ஒன்றுக்குமே விடை வரவில்லையெனில், குழந்தை எழுத்தை ஒலிக்கிறதேயன்றி வாசிக்கவில்லை என்பது புலனாகும். ஆசிரியரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. இந்தச் சோதனையை நடத்த எழுத்தறிவு தேவையில்லை. கதையைக் கேட்டு, அது பொருந்தி வருகிறதா என்று அறியும் திறன் ஒவ்வொரு தாய்க்கும் பாட்டிக்கும் உண்டு.

வாசிப்பதற்குப் பாடநூல் மட்டும் போதாது. நேஷனல் புக் டிரஸ்ட் பல மொழிகளிலும் குழந்தைகளுக்கான நூல்களை வெளியிட்டு வருகிறது. பல பள்ளிகளில் அத்தகைய நூல்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. அவை கிழியட்டும், அழுக்காகட்டும், வீட்டுக்குச் சென்று வரட்டும். நூல் கிடைக்காத வீட்டிலும் அச்செழுத்துக்குப் பஞ்சமில்லை. பேருந்தின் பெயர்ப்பலகை, திருமண அழைப்பிதழ், விதைப் பொட்டலம், மளிகைச் சாமான் சுற்றிவந்த தாள் ஆகியவையும் வாசிக்கத் தக்கவையே. சந்தைக்குச் செல்லுமுன் வாங்க வேண்டிய பொருள்களைத் தாய் சொல்லச் சொல்லக் குழந்தை எழுதினால், எழுத்துக்கு ஒரு பயன் உண்டென்பது அதற்குத் தெளிவாகும்.

பேச்சும் வாசிப்புக்கு வேர்தான். காதால் அறிந்த சொல்லையே கண் விரைவில் இனங்காண்கிறது. வயலைப் பற்றியும், தறியைப் பற்றியும், கடலைப் பற்றியும் வீட்டு மொழியில் நிறையப் பேசக்கேட்ட குழந்தை பெரும் சொற்செல்வத்தோடு பள்ளிக்கு வருகிறது. ஆங்கிலம் தெரியாமையால் குழந்தைக்கு உதவ இயலாது என்று பல பெற்றோர் ஒதுங்கிவிடுகின்றனர். தாய்மொழியில் கதை சொல்வதையும் விட்டுவிடுகின்றனர். இது இரட்டை இழப்பு. தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்ய வேண்டுமென்று அரசியலமைப்பின் 350ஏ விதி கூறுகிறது. பழங்குடிக் குழந்தைகளுக்கு அவர்தம் மொழியிலேயே கல்வியைத் தொடங்கும் முயற்சியை ஒடிசா மாநிலம் பல ஆண்டுகளாக மேற்கொண்டு வருகிறது. வீட்டு மொழியில் ஊன்றிய குழந்தை பிற மொழிகளையும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் பல குழந்தைகள் 35 என்று எழுதுவர். நான்கில் ஒன்று போக மூன்று, ஏழில் இரண்டு போக ஐந்து என்பது அவர்கள் கணக்கு. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியை மனத்திற்கொண்டு, ஒவ்வோர் இலக்கத்துக்கும் அதைத் தனியே கையாண்டுவிட்டனர். இதைக் கவனக்குறைவு என்று கடிந்து பயனில்லை. இடமதிப்பு விளங்காததன் அறிகுறி அது.

இதைத் திருத்த நான்கு பத்து ரூபாய்த் தாள்களும் சில ஒரு ரூபாய் நாணயங்களும் போதும். நான்கு தாள்கள், இரண்டு நாணயங்கள் ஆக 42 ரூபாயைக் குழந்தையின் கையில் கொடுத்து, கீரைக்கு 17 ரூபாய் தரச் சொல்லலாம். ஏழு ரூபாய் தர நாணயம் போதாது என்பதைக் குழந்தை தானே காணும். ஒரு தாளைக் கொடுத்துப் பத்து நாணயங்களாக மாற்றிக்கொள்ளும். இப்போது மூன்று தாள்களும் பன்னிரண்டு நாணயங்களும் இருக்கும். ஒரு தாளையும் ஏழு நாணயங்களையும் கொடுத்தபின் கையில் எஞ்சுவது 25. ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று வகுப்பில் சொல்லப்பட்டதன் பொருள் அப்போது விளங்கும். அதன்பின் அதே கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்கச் செய்வது முக்கியம்.

அப்படி எழுதிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதை 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு விளக்குகிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய அறிஞர்கள் கொல்கத்தா, தில்லி நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர்களை ஆராய்ந்தனர். பல பொருள்களின் விலையை மனத்திலேயே பெருக்கிக் கூட்டி, மீதிச் சில்லறையையும் சரியாகத் தந்த அச்சிறுவர்கள், பள்ளிப் பாணியில் எழுதித் தந்த கணக்குகளில் பெரிதும் தடுமாறினர். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ எளிய பள்ளிக் கணக்குகளில் அவர்களைவிடச் சிறந்து விளங்கினர். ஆயினும் சந்தைக் கணக்கு அவர்களுக்குக் கைவரவில்லை. இரண்டு அறிவும் தாமாக இணைவதில்லை என்பதே இதன் பாடம். யாரேனும் இணைத்துவைக்க வேண்டும். வீடும் பள்ளியும் சேர்ந்தே அதைச் செய்ய முடியும்.

காய்கறிக் கூடை சுமந்து விற்கும் பெண் நாள் முழுவதும் பெருக்கலும் கழித்தலும் செய்கிறாள். தனக்குக் கணக்குத் தெரியாது என்றே அவள் சொல்வாள். அவள் எப்படிக் கணக்கிடுகிறாள் என்பதைத் தன் குழந்தைக்கு வாய்விட்டுச் சொன்னால் அதுவே சிறந்த பாடம். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதோடு, புளியங்கொட்டைகளை நான்கு வரிசையாக, வரிசைக்கு ஆறாக அடுக்கிப் பார்த்தால் நாலாறு இருபத்துநான்கு ஏன் என்பது தெரியும். அதே அடுக்கைத் திரும்பிப் பார்த்தால் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு. சப்பாத்தியைப் பங்கிடும்போது அரையும் காலும், பால் அளக்கும்போது லிட்டரும், பேருந்துக்குக் காத்திருக்கும்போது கடிகாரமும் பாடமாகின்றன.

சுற்றுப்புறப் பாடத்துக்கோ வீட்டு முதியோரே நூலகம். முன்பு தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்தத் தானியம் உண்டனர், எந்த மழைக்கு எதை விதைத்தனர் என்று தாத்தா பாட்டியிடம் குழந்தை கேட்டு வரும்படி ஆசிரியர் பணிக்கலாம். பள்ளி தம்மிடமும் ஒன்றை வேண்டி நிற்கிறது என்று அம்முதியோர் உணரும்போது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள தயக்கம் குறையும்.

தவிர்க்க வேண்டியவை

உதவி என்ற பெயரில் நேரும் தீமைகளும் உண்டு. வீட்டுப் பாடத்தைப் பெற்றோரே எழுதிக் கொடுப்பது அவற்றுள் ஒன்று. இதனால் ஆசிரியருக்குக் குழந்தையின் குறை தெரியாமற் போகிறது. அடித்தும் அதட்டியும் படிக்கவைப்பது மற்றொன்று. அஞ்சும் குழந்தை தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. அண்ணனோடும் அண்டைவீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதாலும் விளைவது அதுவே. எட்டு வயதுக் குழந்தையை மாலை முழுவதும் தனிப்பயிற்சியில் அடைப்பதைவிட விளையாட விட்டு, நேரத்தோடு உறங்கவைப்பது நலம். அறுவடைக்கென்றும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவென்றும் நிறுத்தப்படும் நாள்கள் சிலவே ஆயினும், பெருக்கல் தொடங்கும் வாரத்தில் மூன்று நாள் வராத குழந்தை அதன்பின் ஒரு பருவம் முழுவதும் தடுமாற நேரிடலாம். பெண் குழந்தைகளே இவ்வாறு அதிகம் நிறுத்தப்படுகின்றனர் என்பதும் கருதத்தக்கது.

அலுவலர் கடமை

2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக்கியது. 6 முதல் 14 வயது வரையுள்ள தம் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகவும் சேர்த்தது. ஆனால் கடமையை ஆற்றும் வழியைக் காட்டாமல் பெற்றோரைக் குறை கூறுவது முறையாகாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 65 விழுக்காடே. பள்ளி இவர்களை நோக்கிச் சென்றாக வேண்டும்.

இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, உதவிபெறும் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அக்குழுவின் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, மதிய உணவு ஆகியவற்றோடு, மூன்றாம் வகுப்பில் எத்தனை குழந்தைகள் பொருளுணர்ந்து வாசிக்கின்றனர் என்ற வினாவும் ஒவ்வொரு முறையும் இடம்பெறச் செய்யலாம். கூலி வேலைக்குச் செல்வோர் வரத்தக்க மாலை நேரத்தில் கூட்டத்தை வைக்கலாம். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பதிவேட்டைப் புரட்டுவதோடு, இரண்டு குழந்தைகளைப் பெற்றோர் முன்னிலையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆசிரியரும், தர அட்டையைத் தருவதோடு நில்லாமல், ‘உங்கள் மகள் கதையை நன்றாக வாசிக்கிறாள். நூறுக்கு மேற்பட்ட எண்களில் தடுமாறுகிறாள். வீட்டில் ரூபாய்த் தாள்களை வைத்துப் பழக்குங்கள்’ என்று தாயிடம் நேரில் கூறலாம். அவ்வாறு கூறப்படும் மூன்று வாக்கியங்கள் எந்த அட்டையையும்விடப் பயனுள்ளவை.

ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களும் ஒன்றை நினைவிற்கொள்வது நன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் கற்பித்தலில் பங்குகொள்ள இயலாதவர் என்ற எண்ணம் பள்ளிகளில் ஆழமாகப் பதிந்துள்ளது. கேட்பதும், பேசுவதும், எண்ணுவதும், பங்கிடுவதும், நாள் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவதுமே மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வீடு செய்யக்கூடிய பேருதவிகள். இவற்றுள் எழுத்தறிவு இல்லாமல் செய்ய முடியாதது ஒன்றுமில்லை. ஏழை வீடாயினும் கற்ற வீடாயினும் இவை பொதுவே. எட்டு வயதில் பொருளுணர்ந்து வாசிக்கக் கற்ற குழந்தைக்குப் பின்னர் எந்த நூலின் கதவும் திறந்திருக்கும். அந்த ஓராண்டில் பள்ளியும் வீடும் ஒன்றையொன்று நம்பிப் பணியாற்றச் செய்வது, தொடக்கக் கல்வியில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவர் மீதும் இன்று சாரும் பொறுப்பாகும்.